ஆத்மநாதனை வீட்டில் வைத்துப் பார்த்த கதை

கறம்பக்குடி வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, ஒரு வீட்டில் சாவோ, எது நடந்தாலும் ஆத்மநாதனுக்குப் போன் வந்துவிடும். சாமியானா, நாற்காலி, அண்டா குண்டான், ஜெனரேட்டர், இறந்தவரைக் கிடத்தும் ஐஸ் பெட்டி என்று எல்லாமே அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். பந்தல் கட்டுவதும் ஆட்களை விரட்டுவதும் அவர் பாடு. திரும்பி வரும் பாத்திரங்களைப் பார்த்து வாங்கி வைப்பது அவர் மனைவி சொர்ணவல்லியின் பாடு. அடிபிடித்த குண்டானை யாராவது அப்படியே கொண்டுவந்து வைத்தால், மாலையும் கழுத்துமாக வந்த மாப்பிள்ளை என்றாலும் விட மாட்டாள். "கொண்டுபோயித் தேச்சுட்டு வாங்க" என்பாள். ஆத்மநாதன் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தார். நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்றார். மெடிக்கலில் மருந்து வாங்கிக் குடித்தார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. ஒரு வளைகாப்புக்குப் பந்தல் போடப் போன இடத்தில், மூங்கிலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த மகள் வனிதா அன்றைக்கே அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

மகன் அரவிந்த்குமார் குவைத்தில் ஏசி மெக்கானிக். விஷயம் தெரிந்ததும் அம்மாவிடம்தான் பேசினான். "அப்பாகிட்ட சொல்லிறாதீங்கம்மா. கேட்டா அன்னைக்கே விழுந்துருவாரு. வயித்துல புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க."

சொர்ணவல்லியும் அப்படியே சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாதவள். பொய் சொன்ன பிறகு அவரை நேருக்கு நேர் பார்க்கவே கூசியது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு உடனே அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள். 'புண்ணுக்கு ஊசி' என்றார்கள். ஆத்மநாதன் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினார். வாந்தி எடுத்தார், முடி கொட்டியது, அதற்கும் எதுவும் கேட்கவில்லை. தை மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது நோய் கல்லீரலுக்கும் போயிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை, வேறு மருந்து போட்டுப் பார்க்கலாம், போட்டாலும் பெரிதாக வித்தியாசம் இருக்காது, உடம்பு இன்னும் படுத்தும் என்று டாக்டர் வனிதாவிடமும் சொர்ணவல்லியிடமும் தனியாகச் சொன்னார். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் நோய் ஆதரவு சிகிச்சை என்று ஒரு பிரிவு இருக்கிறது, வலிக்கு அங்கே பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது சொர்ணவல்லிக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. கைகழுவிவிட்டார்கள். அந்தச் சீட்டை அவள் வெளியே எடுக்கவே இல்லை. ஆனால் வலி விடவில்லை. முதுகு தரையில் படப் படுக்க முடியாமல் ஆத்மநாதன் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே கிடந்தார். சத்தம் வெளியே போகாமலிருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் சீட்டைத் தேடி எடுத்தாள்.

புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் பிரகதீஸ்வரிக்கு வனிதா வயதுதான் இருக்கும். வலி எங்கே, எப்படி, எப்போது என்று கேட்டு, வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒங்க ஒடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க ஐயா?"

ஆத்மநாதன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "புண்ணுன்னு சொல்றாங்க. நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"கேன்சருங்க. திருச்சியில அந்த வார்டுல ஒருத்தர் தலையிலயும் முடி இல்ல. வயித்துப் புண்ணுக்கு யாருங்க அப்படி ஊசி போடுறா?"

சொர்ணவல்லி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஆத்மநாதன் அவள் பக்கம் திரும்பி, "ஏன் அழுவுற? எனக்குத் தெரியும்னு சொன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னுதான் சும்மா இருந்தேன். நீ ஒரு பக்கம் மறைக்க, நான் ஒரு பக்கம் மறைக்க... போதும் விடு" என்றார்.

அதன்பிறகு அவர் கேட்டார், டாக்டர் பதில் சொன்னார். குணமாகுமா? ஆகாது. எவ்வளவு நாள்? தேதியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது, வருஷக்கணக்கில் இருக்காது, சில மாதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

"வலியக் கொறைக்கலாம். வாந்திய நிறுத்தலாம். மூச்சு தெணறுனா அதுக்கும் மருந்து இருக்கு. எங்க சிஸ்டர் வீட்டுக்கே வருவாங்க. நோயை எடுக்க முடியாட்டியும் நோயாளிக்குச் செய்ய வேண்டியது நெறைய இருக்குங்க ஐயா. அது சரி, ஒங்களுக்கு என்னென்ன வேணும்? அதச் சொல்லுங்க."

ஒரு விசேஷத்துக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று யோசிப்பதுபோல அவர் யோசித்தார். "கடையில ஒக்காரணும். ரெண்டு வாயாச்சும் சோறு எறங்கணும். அப்புறம்... என்னையக் கட்டிப்போடக் கூடாது."

அவருடைய அண்ணன் ரெங்கசாமி கடைசியில் ஐசியுவில் இருந்தார். குழாய்களைப் பிடுங்கிவிடுவார் என்று கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். வீட்டார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். உயிர் போன சமயம் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அந்த வீட்டுக்கும் ஆத்மநாதன்தான் பந்தல் போட்டார்.

மூச்சு நிற்கிற நிலை வந்தால் மெஷினில் போட வேண்டுமா என்று டாக்டர் நேராகவே கேட்டார். மெஷின் யாருக்கு உதவும், இவருடைய நோயில் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்றும் விளக்கினார். எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"வேணாங்க. இந்தக் கீமோவும் போதும்" என்ற ஆத்மநாதன் மனைவியைப் பார்த்தார். "சொர்ணம், கேட்டுக்கிட்டியா? நான் பேச முடியாமப் போயிட்டா நீதான் சொல்லணும். நம்ம பய கத்துவான். நீ சொல்லணும்."

"ம்" என்றாள்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்கா காத்தாயி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "போதை மாத்திரையாம்ல? பழகிப்போச்சுன்னா விடாதாமே. தம்பிய இப்பயே தூங்க வச்சுப்புடாத சொர்ணம்." சொர்ணவல்லிக்கும் அந்த பயம் உள்ளுக்குள் இருந்தது. அதனால் அவர் தாங்க முடியாமல் முனகும்போது மட்டும் ஒன்று கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஷர்லி சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்றதும் தெரு மொத்தமும் எட்டிப் பார்த்தது. ஷர்லி கை கழுவிக்கொண்டு வந்து, முதலில் மாத்திரை டப்பாவைத்தான் கேட்டார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"என்னம்மா இது?"

"பழக்கமாயிருமோன்னு..."

"பால் பொங்கி வழிஞ்சப்புறம் ஊதிக்கிட்டு நிக்கிறதும், பொங்குறதுக்கு முன்னாடி தீயத் தணிக்கிறதும் ஒண்ணாம்மா? வலி வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. நேரம் வந்தாக் குடுத்துரணும். வலிக்காக டாக்டர் சொன்ன அளவுல சாப்பிடுறவங்க போதைக்கு அடிமையாகுறதெல்லாம் ரொம்ப அபூர்வம். ஆரம்பத்துல கொஞ்சம் தூக்கம் வரும், சரியாயிரும். மலச்சிக்கல் வரும், அதுக்குத்தான் இந்த சிரப். இத மட்டும் விட்றாதீங்க."

அன்றிலிருந்து நேரத்துக்குக் கொடுத்தாள். இரண்டு நாள் தூங்கித் தூங்கி விழுந்தார். அப்புறம் ஒரு காலை எழுந்து, குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும், 'ஆளு தேறிட்டாரே' என்றார்கள். தேறவில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த மாசியும் பங்குனியும் நன்றாகத்தான் போயின. ஒரு சடங்கு வீட்டுக்கு லோடு ஆட்டோவில் முன்சீட்டில் ஏறிப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆட்களை விரட்டிப் பந்தலைக் கட்டி முடித்தார். மருமகன் மீமிசலில் இருந்து மீன் வாங்கி வந்தபோது, குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று குறை சொன்னார்.

கடையை வனிதாவிடம் ஒப்படைத்தார். எல்லாம் சொல்லி முடித்தவர் ஐஸ் பெட்டியைக் காட்டி, "இதோட கம்ப்ரசரு ரொம்ப எரையுது. மெக்கானிக்க வரச் சொல்லி சரி பண்ணிரு. எனக்கே வேணும். இந்தச் சத்தத்துல யாரு அழுதாலும் காதுல விழாது" என்றார். வனிதா அழுதாள். அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. மெக்கானிக் வந்து சரி பண்ணிவிட்டுப் போனான்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒருநாள் கஞ்சி சூடாக இருக்கிறது என்று டம்ளரைச் சுவரில் எறிந்தார். சொர்ணவல்லி பின்வாசலில் போய் உட்கார்ந்து, இவர் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளே இதை ஷர்லியிடம் சொன்னபோது, ஷர்லி ஆச்சரியப்படவில்லை. "நீங்க கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் வனிதா வந்து அப்பாவோடு படுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிப் போனார்.

பிறகு வயிறு வீங்கியது. நீர் கோத்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, உட்காரவும் முடியவில்லை. வீட்டோடு பார்ப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாதாக்கும் என்று சொர்ணவல்லி பேசாமல் இருந்தாள். கேள்விப்பட்டு ஷர்லி போனிலேயே கடிந்துகொண்டார். "அப்படின்னு யாரும்மா சொன்னா? அவருக்கு சொகம் குடுக்குற எதையும் செய்யலாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க." போனார்கள். ஊசி வைத்து நீரை வடித்து எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி நிம்மதியாகப் படுத்தார்.

சித்திரையில் அரவிந்த்குமார் லீவு போட்டு வந்தான். வீடியோவில் தினமும் பார்த்த முகம்தான். நேரில் அந்த உடம்பைப் பார்த்ததும் பையை வைத்த இடத்திலேயே நின்றுவிட்டான். பிறகு அம்மாவை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டுச் சண்டை பிடித்தான்.

"எலும்பும் தோலுமா கெடக்காரு, பேசாமப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நான் எதுக்கும்மா அங்கிட்டுக் கெடந்து சம்பாதிக்கிறேன்?"

உள்ளே படுத்திருந்த ஆத்மநாதனுக்கு எல்லாம் கேட்டது. "தம்பி, இங்கிட்டு வா" என்று கூப்பிட்டார். அவன் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "என்னையப் பாக்க வந்தியா, கூட்டிட்டுப் போக வந்தியா?"

அவன் அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"பாக்க வந்தீன்னா பக்கத்துல இரு."

இருந்தான். ஆனால் மனம் ஒப்பவில்லை. யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆத்மநாதன் பேசுவது குறைந்தது. பகலிலும் தூங்கினார். கண் மஞ்சளாகியிருந்தது. ஒரு முற்பகலில் திடீரென்று மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் பேச்சு வரவில்லை. சொர்ணவல்லி ஷர்லிக்குப் போன் போட்டாள். தலைப்பக்கம் தலையணை கொடுத்து நிமிர்த்தச் சொன்னார், ஜன்னலைத் திறந்து ஃபேனை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார், இந்த மாதிரி நேரத்துக்கென்று டாக்டர் தந்திருந்த மருந்தைக் கன்னத்துக்குள் விடச் சொன்னார். "நான் கெளம்பிட்டேம்மா" என்றார்.

அதற்குள் அரவிந்த்குமார் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தான். மருந்தை விட்டு நிமிர்ந்தபோது, வாசலில் வண்டி நிற்பதும், இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு நடையில் ஏறுவதும் சொர்ணவல்லிக்குத் தெரிந்தது.

"தூக்குங்கண்ணே" என்றான் அரவிந்த்குமார்.

அவள் எழுந்துபோய் அறைவாசலில் நின்றாள். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. அவரு வேணாம்னு சொல்லியிருக்காரு."

"அம்மா, தள்ளுங்க. மூச்சு வாங்குது, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. சாகட்டும்னு விட்டுட்டீங்களா?"

"அரவிந்து, அவரு சாகத்தான் போறாரு. டாக்டரு சொல்லிட்டாங்க, அவருக்கும் தெரியும். ஒனக்குத்தான் இன்னும் தெரியல." அவள் குரல் உயரவில்லை. "இங்கன இருந்தா நீ கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காரலாம். அங்கிட்டுக் கொண்டுபோனா கண்ணாடிக்கு வெளிய நிக்கணும். ஒங்க பெரியப்பாவுக்கு நாங்க அப்படித்தான் நின்னோம். நீ பாக்கல. நீ குவைத்துல இருந்த."

வண்டியில் வந்தவர்களில் மூத்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டில் அருகே இருந்த மருந்துகளைப் பார்த்தார். "பேஷன்ட்டு தெளிவா இருக்கப்ப சொன்னதாம்மா?" என்று கேட்டார்.

"டாக்டரு முன்னாடி சொன்னாரு."

அவர் அரவிந்த்குமாரைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சற்று நேரம் காத்திருந்தார்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஷர்லி வந்து சேர்ந்தபோது மூச்சு சற்றுத் தணிந்திருந்தது. அரவிந்த்குமார் முற்றத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தான். ஷர்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது உடம்பில் என்ன நடக்கிறது, இனி என்னவெல்லாம் வரும் என்று நிதானமாகச் சொன்னார். தூக்கம் கூடும். கை கால் சில்லிடும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், கேட்கிறவர்களுக்குத்தான் அது பயம், அவருக்கு அநேகமாகத் தெரியாது. மூச்சு விட்டு விட்டு வரும். "நாம பேசுறது காதுல விழும்னு நெனச்சுக்கிட்டே பேசுங்க" என்றார். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை அளந்து எடுக்கவும், கன்னத்தின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விடவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வேளை மருந்தை அவன்தான் கொடுத்தான். ஒரு சொட்டும் சிந்தாமல் கொடுத்தான்.

காத்தாயிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு வாய் தண்ணி இல்லாமக் கெடக்கானே, கம்பவுண்டரக் கூப்பிட்டு ஒரு பாட்டில் குளுக்கோசாச்சும் ஏத்தக் கூடாதா?" என்றாள். ஏற்றினால் அந்தத் தண்ணீர் வயிற்றிலும் நெஞ்சிலும்தான் போய்த் தேங்கும், பசி தாகம் அவருக்கு இப்போது தெரியாது என்று ஷர்லி சொன்னதை சொர்ணவல்லி திரும்பச் சொன்னாள். மறுநாள் காத்தாயி டம்ளரில் பாலோடு வந்தாள். கூடப்பிறந்தவள் கையால் ஒரு வாய் பால் ஊற்ற வேண்டும் என்றாள். விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் புரையேறித் திணறுவார். அதற்காக அவளை விரட்டவும் மனம் வரவில்லை. சொர்ணவல்லி பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து அவள் கையில் கொடுத்தாள். "ஒதட்ட நனைங்க மதினி. அது போதும்." காத்தாயி தம்பியின் உதட்டை ஒற்றினாள். "நல்லபடியாப் போயிட்டு வாப்பா" என்று அவர் நெற்றியைத் தடவினாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், சொர்ணவல்லி பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வனிதா அப்பாவின் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரவிந்த்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குவைத்து வெயிலில் மொட்டை மாடியில் ஏசி மாட்டும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவன், "அம்மா" என்று கூப்பிட்டான். அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்கு எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போவது கேட்டது. சொர்ணவல்லி அவருடைய கண்களை மூடிவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அரவிந்த்குமார் குவைத்துக்குத் திரும்பினான். அதன்பிறகுதான் சொர்ணவல்லிக்கு அந்த ஆம்புலன்ஸ் அடிக்கடி கண்ணில் வரத் தொடங்கியது. சாப்பிடும்போது வரும். துணி மடிக்கும்போது வரும். நோயாளி இல்லாத வீட்டுக்கும் ஷர்லி ஒருமுறை வந்தார். சொர்ணவல்லி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், அன்னைக்கு வண்டியில ஏத்தியிருந்தா இன்னுங் கொஞ்ச நாளு இருந்திருப்பாரா?"

ஷர்லி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மெஷின்ல போட்டிருந்தா சில நாள் கூட இழுத்திருக்கலாம்மா. ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"நான் குடுத்த மருந்து..."

"அந்த மருந்து மூச்சுத் தெணறலத்தான் தணிச்சுச்சு. அவரக் கொண்டுபோனது நோய்தான்."

சொர்ணவல்லி தலையை ஆட்டினாள். அவர் கேட்டதைத்தான் செய்தோம் என்று சில நாள் உறுதியாக இருக்கும். சில நாள் இருக்காது. அதையும் அவள் ஷர்லியிடம் சொன்னாள். அப்படித்தான் இருக்கும் என்றார் ஷர்லி.

ஆடி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் அரவிந்த்குமார் பேசினான். சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று கேட்டுவிட்டுத் தயங்கினான். "அம்மா, எங்கூட ரூம்ல இருக்குற செம்மலோட அப்பாவுக்கு நுரையீரல்ல கேன்சராம். அறந்தாங்கிக்காரங்க. திருச்சியில கைய விரிச்சுட்டாங்களாம். வீட்ல அழுதுக்கிட்டு இருக்காங்க. சிஸ்டர் நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு, சொல்றேன். அவங்க அப்பாவுக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாதும்மா. மறைச்சு வச்சிருக்காங்க. அவருகிட்டச் சொல்லிருடான்னுதான் நான் அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

சொர்ணவல்லி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவன் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான்.